அத்தானிடம் கூலி வாங்குவதில்லை

இன்சூரன்ஸ் என்பது பொலிசுக்குக் காட்டுகிற ஒரு துண்டு. இதற்கு மேல் எங்கள் இரண்டு வீட்டிலும் ஒருவருக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் தம்பி வருடத்துக்கொரு தடவை மன்னார் டவுனுக்குப் போய்க் காசைக் கட்டி, தந்த துண்டை மடித்து, ஓட்டோவின் முன்கண்ணாடியில் மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைப்பான். வழியில் மறித்தால் எடுத்துக் காட்டுவான். பார்த்துவிட்டுப் போகச் சொல்லுவார்கள். அதோடு அந்தத் துண்டின் வேலை முடிந்தது என்று நம்பியிருந்தோம்.

அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று நான் விரித்துப் பார்த்தது என் மனுசனின் வலது கை முழங்கையோடு நொறுங்கிய பிறகுதான். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள் நான். அதில் இருந்த தமிழ் எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் வாசித்தேன், அப்போதும் விளங்கவில்லை. இப்போது கேட்டால் பாடமாகச் சொல்லுவேன். அவ்வளவுக்கு அலைந்தாயிற்று.

என் மனுசன் படகு எஞ்சின் திருத்துகிறவர். தலைமன்னார், பேசாலை, வங்காலை, அங்கால் சிலாவத்துறை வரைக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். எஞ்சினைக் கழற்றி டவுனுக்குக் கொண்டு வருவதைவிட இவரைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போவது சுகம். சாவி, சுத்தியல் எல்லாம் போடுகிற ஆயுதப் பெட்டி கனமானது, பஸ்ஸில் ஏற்ற ஏலாது. ஆகவே கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் என் தம்பிதான் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போவான். அவனுக்குத் தொழிலே அதுதான், கூலிக்கு ஓட்டோ ஓடுவது. எங்கள் வளவுக்கும் அவன் வளவுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலி. ஹோர்ன் அடித்தால் இவர் பெட்டியோடு வெளிக்கிடுவார்.

கூலி விசயம் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தக் கதையில் ஒன்றும் விளங்காது.

கலியாணம் முடித்த புதிதில், முதல் தடவை தம்பி இவரைத் தலைமன்னார்ப் பக்கம் கொண்டுபோய் வந்தபோது, இவர் படலையில் இறங்கி, பொக்கற்றுக்குள் கை விட்டு ஒரு தாளை நீட்டினார். தம்பிக்கு முகம் செத்துப் போய்விட்டது. "அத்தான், என்னைக் கேவலப்படுத்தாதேங்கோ" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பிறகு சில நாள் எங்கள் வீட்டுப் பக்கம் தலை காட்டவில்லை. அக்காவின் புருசனிடம் கூலி வாங்குகிறவன் என்ன மனிசன். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். மச்சான் வள்ளத்தில் மீன் வந்தால் விலை கேட்கக் கூடாது. மச்சான் கடையில் சீனி வாங்கினால் அவன் வேண்டாம் என்பான், இவன் வைத்துவிட்டு ஓடுவான். பார்க்கிறவர்கள் அடிபிடி என்று நினைப்பார்கள்.

பெருமை நல்லதுதான். ஓட்டோ பெருமையில் ஓடாதே. சிலாவத்துறைக்குப் போய்வருவதென்றால் கிட்டத் தூரமா? அங்கே இவரைக் கூப்பிடுகிற சம்மாட்டி, ஐந்தாறு படகு வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் பெரியவர், வேலைக் கூலியோடு ஓட்டோக் காசையும் சேர்த்தே தருவார். "இது ஓட்டோக்கு" என்று தனியாக எடுத்தும் வைப்பார். அந்தக் காசு என் மனுசன் பொக்கற்றில் கிடந்து, வீட்டுக்கு வந்து, என் கைக்கு வரும். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். நானும் கேட்கமாட்டேன். அடுத்த நாள் காலையில் நான் வேலிக்குக் கிட்டப் போய்த் தம்பியின் மனுசியைக் கூப்பிட்டு, "பிள்ளையளுக்கு ஏதும் வாங்கும்" என்று அதை அவள் கைக்குள் வைப்பேன். "என்னத்துக்கு மச்சாள், விடுங்கோ" என்பாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை பொத்திக்கொள்ளும். பிறகு அந்தக் காசு அவர்கள் குசினியில் இருக்கிற பால்மா ரின்னுக்குள் போய், அங்கிருந்து தம்பியின் பெற்றோலாக மாறும்.

தம்பிக்குத் தெரியாது. ரின்னுக்குள் எப்போது கை விட்டாலும் காசு இருக்கிறது, என் மனுசி நல்ல சிக்கனக்காரி என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தான். நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நிற்போம். ஆம்பிளைகளின் மானத்தை நாங்கள் இரண்டு பேரும் வேலிக்கு மேலால் கை மாற்றிக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். வருடக்கணக்காக. அதில் ஒரு கரைச்சலும் இருக்கவில்லை.

பிறகுதான் அந்தக் கழுதை வந்தது.

சிலாவத்துறையில் வேலை முடித்துப் பொழுது படுகிற நேரத்தில் திரும்பி வந்திருக்கிறார்கள். பாலம் கடந்து, டவுன் தாண்டி, எங்கள் றோட்டில் ஏறியாயிற்று. தார் சூடாக இருக்கும் என்று கழுதைகள் றோட்டில் கூட்டமாகப் படுத்துக் கிடக்கும், மன்னாரில் ஓடுகிற எல்லாருக்கும் அது தெரியும், தம்பிக்கும் தெரியும். அன்றைக்கு அவன் கொஞ்சம் விரைவாக வந்திருக்கிறான். படுத்துக் கிடந்ததில் ஒன்று திடீரென்று எழும்பியது. தம்பி ஹாண்டிலை வெட்டித் திருப்பினான். ஓட்டோ வலது பக்கமாகச் சரிந்தது. என் மனுசனுக்கு எப்போதும் ஒரு பழக்கம், பக்கத்துக் கம்பிக்கு வெளியே கையைப் போட்டுக்கொண்டு இருப்பார். எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கைக்கு மேல் ஓட்டோ கிடந்தது.

தம்பிக்கு நெற்றியில் ஒரு கீறல். கழுதைக்கு ஒன்றுமில்லை. அது யாருடைய கழுதை என்று பிறகு பிரதேச சபைக் கந்தோரில் விசாரித்தேன், அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

மன்னார் ஆஸ்பத்திரியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். தகடு வைத்தார்கள். தம்பி வார்ட்டுக்கு வெளியே தரையில் குந்திக்கொண்டு இருந்தான். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் "அக்கா, என்ர கை போயிருக்கலாம்" என்பான். முதலில் எனக்கு அழுகை வந்தது. கொஞ்ச நாளில் எரிச்சல் வந்தது. உன்னுடைய கை போயிருந்தால் அதற்கும் நான்தானே ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும் என்று நினைத்தேன்.

கட்டு அவிழ்த்த பிறகு பார்த்தால் முழங்கை மடங்கவில்லை. நீட்டின கை நீட்டினபடி. படகு எஞ்சினைக் கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும், திருத்தினது சரியா என்று பார்ப்பதும் அப்படித்தான். அது போகட்டும். சோற்றுக் கோப்பையில் இருந்து வாய்க்குக் கை வரவில்லை. இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். சாப்பிடும்போது நான் பக்கத்தில் நிற்கக் கூடாது. யார் வீட்டுக்கும் சாப்பாட்டு நேரத்தில் போகமாட்டார். கோயிலில் இடது கையால் சிலுவை போட வெட்கப்பட்டு, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார். நாற்பது பேருக்குக் கேட்கிற மாதிரிப் பாடுகிற மனிசன், கோயிலில் வாய் திறக்கிறதும் குறைந்துவிட்டது.

யாழ்ப்பாணத்து டொக்டர் சொன்னார், இன்னொரு ஒப்பரேசன் செய்தால் பாதிக்காவது மடங்கும், ஆனால் அங்கே லைன் நீளம், பிந்தினால் மூட்டு இறுகிவிடும், வசதி என்றால் கொழும்பில் தனியாரில் செய்யுங்கோ என்று. வசதி என்றால் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். பிறகுதான் யாரோ இன்சூரன்ஸ் என்றார்கள். அன்றைக்குத்தான் மாதா படத்துக்குப் பின்னால் இருந்த துண்டை எடுத்தேன்.

ஒரு விண்ணப்பம் போட்டோம். ஏலாது என்று பதில் வந்தது. ஏன் ஏலாது என்று கேட்க அவர்களுடைய மன்னார்க் கந்தோருக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை மிச்சம் மரியாதையாக, "மிஸ், இது கொழும்பில எடுத்த முடிவு" என்றது. கொழும்புக்குப் போன் பண்ணினேன். ஒரு பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்ததும் மன்னார்க் கந்தோரைக் கேட்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு, அரை நாள் லீவு என்று எடுத்து எடுத்து அதிபருக்கு என்னைக் கண்டாலே பேனையை எடுக்கிற நிலைமை. அந்தக் கந்தோரில் ஒரு நீலக் கதிரை இருந்தது, ஒரு கால் கொஞ்சம் கட்டை. அதில் ஆடாமல் இருக்கப் பழகிவிட்டேன்.

கடைசியில் டவுனில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். என்னைவிட இளமையான பெண், என்னைவிடக் களைத்த முகம். காகிதங்களைப் பார்த்துவிட்டு, பொலிசில் தம்பி கொடுத்த வாக்குமூலத்தை எடுத்து ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"இதில உங்கட தம்பி என்ன சொல்லியிருக்கிறார் எண்டு தெரியுமோ?"

தெரியும். நானும் அப்போது பொலிசில் பக்கத்தில் நின்றேன். சார்ஜன்ட் சிங்கள ஆள், அரைகுறைத் தமிழ், நல்ல மனிசன். "ஹயர் போனதா? சல்லி எடுத்ததா?" என்று கேட்டார். தம்பி அதுவரைக்கும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஓம், ஓம் என்றிருந்தவன், அந்தக் கேள்விக்கு நிமிர்ந்தான். "அத்தானிட்ட நான் காசு வாங்குவனோ சேர்? ஒருநாளும் வாங்கினதில்லை, வாங்கவும் மாட்டன்" என்றான். பக்கத்தில் இருந்த தமிழ்ப் பொலிஸ் அப்படியே எழுதினார். நான் அவனைப் பார்த்துப் பெருமைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

சட்டத்தரணி சொன்னார், "அவர் ஓடுறது கூலி வாகனம். கூலி குடுத்து ஏறின ஆள் காயப்பட்டால் அந்த இன்சூரன்ஸ் பொறுப்பு. சும்மா ஏத்திக்கொண்டு போன சொந்தக்காரருக்குப் பொறுப்பில்லை எண்டு கம்பெனி நிக்குது. இந்த ஒரு வசனத்தைத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்குது."

"கூலி குடுத்தது உண்மை, மிஸ்."

"ஆரிட்ட?"

"அவன்ர மனுசியிட்ட. அவனுக்குத் தெரியாது."

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அப்ப ஒண்டு அவர் சொல்ல வேணும், இல்லாட்டி அவ சொல்ல வேணும். நான் திரும்ப விசாரிக்கச் சொல்லி எழுதிறன். ஆள் வருவார். வாற நேரம் கதை ஒண்டா இருக்கட்டும்" என்றார். தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். அவருக்கு அது அவ்வளவு லேசான விசயம்.

முதலில் தம்பியிடம் போனேன். முற்றத்தில் ஓட்டோவைக் கழுவிக்கொண்டு இருந்தான். எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். காசு உன்னிடம் கேட்கவில்லை, கம்பெனியிடம்தான் கேட்கிறோம், நீ வாங்கினேன் என்று ஒரு சொல்லுச் சொன்னால் போதும் என்றேன்.

"பொய் சொல்லச் சொல்லுறியோ அக்கா?"

எனக்குத் தலையைக் கொண்டுபோய் ஓட்டோவில் முட்ட வேண்டும் போல இருந்தது. இவன் இதே விபத்துக்காகக் கோட்டில் நின்று, கவனயீனமாக ஓடினேன், குற்றவாளி நான்தான் என்று ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினவன். ஊரில் பாதிப்பேர் அன்றைக்குக் கோட்டில் நின்றார்கள். அதற்கு வெட்கப்படவில்லை. அத்தானின் கையை முறித்தவன் என்று எழுதலாம், அத்தானிடம் கூலி வாங்கினவன் என்று எழுதக் கூடாது.

"என்ர கையை வெட்டிக் கேள், தாறன்" என்றான். "ஓட்டோவை விப்பம். அந்தக் காசில ஒப்பரேசனைச் செய்வம்."

"லீசிங் முடியாத ஓட்டோவை ஆரடா வாங்கிறது?"

சவர்க்கார நுரையோடு நின்றான். அவனுக்குப் பின்னால் குசினி வாசலில் அவன் மனுசி நின்றாள். என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள், சொல்லாதேங்கோ என்று. நான் வாயைப் பொத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் அவளாகவே வேலிக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

"என்னை மாட்டி விட்டிராதேங்கோ மச்சாள்."

"அவன் உன்னை அடிக்கப் போறானோ?"

"அடிக்கிற மனிசனெண்டால் நான் பயப்பிடமாட்டன். அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியிறார், அத்தானிட்ட ஒரு சதம் வாங்கினதில்லை எண்டு. அந்தக் காசிலதான் இவ்வளவு நாளும் எங்கட அடுப்பும் எரிஞ்சது எண்டு தெரிஞ்சால், அவர் எங்க போய் நிக்கிறது?"

"அப்ப என்ர மனுசன்ர கை?"

அவள் அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, வராமல் என்ன. என் வீட்டில் ஒரு மனிசன் இடது கையால் கரண்டி பிடித்துக்கொண்டு இருக்கிறார், இங்கே இவள் ஒரு ரின்னுக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. என் தம்பிக்குக் காணி இல்லை, வள்ளம் இல்லை, சண்டை நேரம் இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்து படிப்பையும் பாதியில் விட்டவன். நான் மாமி வீட்டில் இங்கேயே தங்கிப் படித்தேன், அவன் அம்மாவோடு கடல் கடந்து போனான். திரும்பி வந்தபோது ஒன்றும் இல்லாமல் வந்தான். எல்லாரும் அவனுக்குக் கொடுத்தார்கள், நாங்களும் கொடுத்தோம். அவன் பதிலுக்கு எங்களுக்குக் கொடுத்தது அந்த ஓட்டோப் பயணம் ஒன்றுதான். அதுவும் சும்மா கொடுக்கவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

சொல்லியிருந்தால் ஒரு நிமிசத்து வேலை. சொல்லவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். களைப்பு. இன்னொரு வீட்டில் ஒரு அழுகையைக் கிளப்பி, அதையும் போய்ச் சமாளிக்க என்னிடம் தெம்பு இருக்கவில்லை.

என் மனுசனிடமும் கேட்டுப் பார்த்தேன். "இஞ்சருங்கோ, நீங்களாவது கூலி குடுத்தனான் எண்டு சொல்லுங்கோவன்."

"நான் அவன்ர கையில குடுக்கயில்லையே."

"என்ர கையில தந்தனீங்கள்தானே. அது எங்க போறதெண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்" என்றார். "அவனுக்கு முன்னால நான் அதைச் சொல்லமாட்டன். கை போனது போனதுதான்." பிறகு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். கை மடங்காததால் அவர் ஒரு பக்கம்தான் படுக்கலாம், அது எனக்கு முதுகைக் காட்டுகிற பக்கம். கை போனது போனதுதான் என்று சொல்ல அவருக்கென்ன. சட்டை போட்டுவிடுகிறது நான், தலை சீவி இழுத்துவிடுகிறது நான்.

விசாரிக்கிற ஆள் ஒரு சனிக்கிழமை வந்தார். வவுனியாப் பொடியன், கழுத்தில் அட்டை, புதுச் சப்பாத்தில் எங்கள் ஊர் மணல். பொல்லாதவன் இல்லை. விறாந்தையில் கதிரை போட்டோம். இவர் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். தம்பி கோயிலுக்குப் போடுகிற சேட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். தம்பியின் மனுசி குசினியில் எனக்கு உதவியாகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு இருந்தாள். நான் வரச்சொல்லவில்லை, அவளாகத்தான் வந்தாள்.

அந்தப் பொடியன் தம்பியிடம் கேட்டார். "அண்ணை, பொலிசில நீங்கள் குடுத்த வாக்குமூலம் இருக்கு. பதட்டத்தில மாறிச் சொல்லியிருக்கலாம். அண்டைக்கு இவரைக் கூலிக்கு ஏத்தினனீங்களோ, சும்மா ஏத்தினனீங்களோ?"

அவர் எங்களுக்கு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார் என்று எனக்கு விளங்கியது. தம்பிக்கும் விளங்கியிருக்கும். அவன் என்னைப் பார்த்தான். பிறகு இவருடைய கையைப் பார்த்தான், நிறைய நேரம் பார்த்தான். சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

"சும்மாதான் சேர். அவர் என்ர அத்தான்."

எழுதினார். இவரிடம் திரும்பி, "ஐயா, நீங்கள் இவரின்ர கையில காசு ஏதும் குடுத்தனீங்களோ?" என்றார்.

"இல்லைத் தம்பி."

அதையும் எழுதினார். பேனையை மூடிச் சட்டைப் பொக்கற்றில் குத்தினார். இதோடு முடிந்தது என்று எனக்கு விளங்கியது. கோபம்கூட வரவில்லை. பிஸ்கட் கோப்பையை எடுத்து அவருக்கு நீட்டினேன்.

"நான் வாங்கினனான் சேர்."

தம்பியின் மனுசி குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றாள். யாரும் போய் வாங்கவில்லை.

"எல்லாப் பயணத்துக்கும் வாங்கினனான். மச்சாள் வேலியால தருவா. அண்டைக்கும் அவ காசு எடுத்து வைச்சிருந்தவ, இந்தக் கரைச்சலில தரயில்லை, அவ்வளவுதான். என்ர மனுசனுக்குத் தெரியாது. இவர் சொல்லுறது இவருக்கு உண்மை. நான் சொல்லுறதுதான் நடந்தது."

பொடியன் பேனையைத் திரும்ப எடுத்தார். என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். சிலாவத்துறைச் சம்மாட்டி ஓட்டோக் காசு தனியாகத் தருகிறதையும் சொன்னேன். அவரிடம் கேட்டு எழுதலாமா என்றார், எழுதலாம் என்றேன். எல்லாம் எழுதி முடித்து, காகிதத்தைத் தம்பிக்கு முன்னால் வைத்தார். வாகனச் சொந்தக்காரர் என்றபடியால் அவனும் கையெழுத்து வைக்க வேண்டுமாம். தம்பி வாசிக்கவில்லை. காட்டின இடத்தில் வைத்தான். ஆறின தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தான். பிறகு எழும்பி, ஓட்டோவை எடுத்துக்கொண்டு போனான். மனுசியை ஏற்றவில்லை. அடுத்த வளவுதான், ஏற்றவும் தேவையில்லை. ஆனால் அவள் றோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள்.

கம்பெனி கேட்டதெல்லாம் தரவில்லை. கழுதைக்கு ஒரு பங்கு, வெளியே போட்ட கைக்கு ஒரு பங்கு என்று குறைத்துத்தான் தந்தார்கள். கொழும்பில் ஒப்பரேசனுக்கு அது மட்டுமட்டாகக் காணும். செய்தோம். முழுதாய்ச் சரியாக்கினார்கள் என்று சொல்ல ஏலாது, பாதிதான் மடங்குகிறது. ஆனால் வீட்டுக்கு வந்து, பயிற்சி எல்லாம் முடிந்து, ஒரு மத்தியானம் அவர் கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுச் சோற்றைக் குழைத்தார். தலையையும் கொஞ்சம் குனிந்து கொடுத்தார், கை வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. நான் கறிச்சட்டியைக் கழுவுகிற மாதிரித் திரும்பி நின்று அழுதேன். அதற்குக் கொடுத்த விலை எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்கு எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

அடுத்த வளவில் சண்டை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஒரு சத்தமும் இல்லை. அந்த ரின்னைத் தம்பி எடுத்து ஓட்டோவுக்குள் வைத்துக்கொண்டான் என்று அவன் மனுசி சொன்னாள். வீட்டுச் செலவுக்கு நாளாந்தம் கேட்காமலே தருகிறானாம், சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறானாம், பிள்ளைகளோடு கதைக்கிறானாம். "என்னோடயும் கதைக்கிறார் மச்சாள், கேட்டால் பதில் சொல்லுறார்" என்றாள். எங்கள் வீட்டுக்கும் வந்தான். இவரை டவுனுக்கு, பஸ் எடுக்க, மருந்து கட்ட என்று ஒரு நாளும் தவறாமல் கொண்டுபோனான். முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. சரி, காலம் போக ஆறிவிடும் என்று நினைத்தேன். எனக்கும் அப்படி நினைக்க வேண்டியிருந்தது.

மாரி முடிந்து கடல் அமர்ந்த பிறகு சிலாவத்துறையில் இருந்து சம்மாட்டி கூப்பிட்டார். எஞ்சினை நீங்கள் பாருங்கோ, கயிறை நாங்கள் இழுக்கிறம் என்று சொல்லியனுப்பினார். இவருக்கு அன்றைக்கு முகத்தில் ஒரு வெளிச்சம். தம்பி வந்து ஹோர்ன் அடித்தான், பெட்டியைத் தானே தூக்கி வைத்தான், போனார்கள். மம்மலாகி இருட்டுகிற பொழுதில் திரும்பி வந்தார்கள். கழுதைகள் கிடக்கிற இடத்தில் உருட்டிக்கொண்டு வந்தான் என்று இவர் பிறகு சொன்னார்.

நான் படலை திறக்கப் போனேன். இவர் இறங்கிவிட்டார். தம்பி பெட்டியை இறக்கி உள்ளே வைத்துவிட்டு வந்து, திரும்ப ஓட்டோவில் ஏறி இருந்தான். எஞ்சினை நிற்பாட்டவில்லை.

"கூலி தாங்கோ அத்தான்" என்றான்.

இவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். என்னைப் பார்த்தார், நான் சிரிக்கவில்லை. தம்பியும் சிரிக்கவில்லை. கோபமாகவும் கேட்கவில்லை. டவுனில் இருந்து ஏற்றிவருகிற ஆட்களிடம் கேட்கிற மாதிரி, முன்னால் றோட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"எவ்வளவு மச்சான்?" என்று கேட்டார் இவர்.

சொன்னான். சிலாவத்துறைக்கு எல்லாரிடமும் வாங்குகிற காசுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவர் பொக்கற்றுக்குள் இருந்து ஒரு பெரிய தாளை எடுத்து நீட்டினார். "மிச்சத்தை வைச்சுக்கொள் மச்சான்" என்றார்.

தம்பி ரின்னைத் திறந்து மிச்சக் காசை ஒவ்வொன்றாக எடுத்து, இவருடைய வலது கையைப் பிடித்து விரித்து, அதற்குள் வைத்தான்.

"சரியோ எண்டு பாருங்கோ" என்றான்.

அவன் போகாமல் நின்றான். இவர் படலையடியில் நின்று எண்ணினார். சரியாக இருந்தது.